கோப்பைப் பகுத்தல்

நெய்வேலி நகரியம் வட்டங்களாக அமைந்தது. வீட்டு முகவரியும் வட்ட எண்ணைக் கொண்டே வழங்கும். அவ்வாறு வட்ட வரிசையில் அமைந்த 9,000 வீட்டுப் பதிவுகள் பெருங்கணினியின் ஒரே தொடர்வரிசைக் கோப்பில் உள்ளன எனக் கொள்வோம். அதனை மூன்றாகப் பகுக்கத் தனி நிரல் வேண்டுவதில்லை, ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டி.எஃப்.சார்ட்' என்னும் பயன்பாட்டு நிரலே போதும்.

ஆயினும், அதன் 'ஸ்பிளிட்' கட்டளை, பந்தியில் மூன்று இலைகளுக்கு முறைவைத்துப் பரிமாறுவதுபோல, பதிவுகளை ஒவ்வொன்றாக மூன்று கோப்புகளிலும் மாறிமாறி இடும். அளவு ஒக்கும், அண்டை வீடுகள் பிரிந்துபோகும். 'ஸ்பிளிட்1ஆர்=3000' எனின் தொடர்ச்சி குலையாது; ஆனால், 3,000ஆம் பதிவு ஒரு வட்டத்தின் நடுவே அமையக்கூடும். வட்டம் பிளவுபடாதிருக்க, வட்ட எண்ணையே நிபந்தனையாகக் கொள்ளும் 'இன்க்ளூட்' கட்டளை தக்கது. அதில் விடுபட்ட வட்டமோ எக்கோப்பிலும் சேராது. ஆதலால், மூன்றின் கூட்டுத்தொகை 9,000 ஆவதைக் காணுமுன் மூலக்கோப்பை அழித்தல் கூடாது.