கண்ணாடிச் சட்டத்துக்குள் உன் பெயர்

சங்கரன்கோவில்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா போனில் சொன்னான். டி.பார்ம் முடித்து, பார்மசி கவுன்சிலில் பதிவும் ஆகிவிட்டது, அதற்குள் மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, "பாப்பா கடைக்கே வர வேண்டாம். சர்டிபிகேட்டை மட்டும் கொடுக்கட்டும், மாசாமாசம் பணம் அக்கவுண்டில் விழுந்துவிடும்" என்று கேட்டாராமே. அந்தப் பணத்தில் மேலே படிக்கலாம் என்று உனக்கும் அரை மனசு இருப்பதாகக் கேள்வி. கொடுக்காதே என்று போனிலேயே சொல்லியிருப்பேன். ஏன் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சட்டம் உனக்கே தெரியும், பரீட்சைக்குப் படித்திருப்பாய். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிற வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத ஒருவர் செய்யக் கூடாது என்கிறது 1948-ஆம் வருடத்துப் பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு. நீ சரி என்றால் அந்தக் கடைச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் உன் பெயர் தொங்கும். கவுண்டரில் பத்தாவது படித்த ஒரு பையன் நிற்பான். ஏதாவது ஆனால் அதிகாரிகள் தேடி வருவது உன்னைத்தான். இதைவிட, அந்தப் பையனிடம் யார் வந்து என்ன கேட்பார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது எந்தப் பாடத்திலும் வராது.

எங்கள் ஊரில் விசைத்தறி அதிகம். ராத்திரி ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டுக் காலையில் நான் மருந்துக்கடையைத் திறக்கும்போதே வந்து நிற்பார்கள். "மேல்வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே." செட் என்றால் டைக்ளோஃபினாக் ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, கூடவே ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டி மாத்திரைதான் வில்லங்கம். அது டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. விலை சல்லிசு, வலியும் சட்டென்று அடங்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். திடீரென்று நிறுத்தினாலோ ஆளே சுருண்டுவிடுவார். நான் செட் போடுவதில்லை. "பி.பி. இருக்கா? சுகர் இருக்கா? வேற என்ன மாத்திரை சாப்பிடுதிய?" என்று கேட்பேன். பி.பி.க்கு மாத்திரை எடுப்பவர் தினமும் டைக்ளோஃபினாக்கும் போட்டால் கிட்னி அடிவாங்கும். கேள்வி பிடிக்காதவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று கதை விடமாட்டேன். பாதிப் பேர் வரவில்லை.

இன்னொன்று, மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. டாக்டர் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் மற்ற மாத்திரையெல்லாம் காலை, ராத்திரி என்று இருக்கும்போது இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது ரொம்பச் சுலபம். அதனால் இதற்கு மட்டும் தனிக் கவர். மேலே கொட்டை எழுத்தில் கிழமை. பிறகு, "ஆச்சி, இத எப்பச் சாப்பிடணும், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்பேன். "திங்கக்கிழம மட்டுந்தானய்யா" என்று ஆச்சி வாயிலிருந்து வந்த பிறகுதான் கவர் கைமாறும். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அந்தப் பையனுக்கு இது தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனி ரெஜிஸ்டர் வந்ததே, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வீரியமான ஆன்டிபயாடிக், டி.பி. மருந்து, பழக்கப்படுத்திவிடும் சில மாத்திரைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நீ இல்லாத கடையில் அதை வாரக் கடைசியில் யாராவது உட்கார்ந்து மொத்தமாக எழுதி வைப்பார்கள். பெயர் உன்னுடையது, கணக்கு கற்பனை.

இதெல்லாம் சரி, நேர்மையாகக் கடை நடத்தினால் பிழைப்பு ஓடுமா என்று கேட்பாய். ஓடும், கார் வாங்குகிற அளவுக்கு ஓடாது. 2013-ஆம் வருட விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் லாபம். 100 ரூபாய்க்கு வருவது 116, வரி தனி. வாடகை, கரண்ட், இன்சுலினுக்காக ராப்பகலாக ஓடும் பிரிட்ஜ், தேதி முடிந்த சரக்கு எல்லாம் அதற்குள். எதிர்த்த வரிசையில் 20 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அச்சடித்த விலை மலையளவும் வாங்கிய விலை மடுவளவும் இருக்கிற சரக்கைத் தள்ளினால்தான் அந்த போர்டு கட்டுபடியாகும் என்பது என் கணிப்பு.

கடன் நோட்டு உன் பெரியம்மா கையில். வாரக்கூலி வாங்கியதும் யார் கொடுப்பார், யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. அவள் மருந்தாளுநர் இல்லை. அதனால் நான் வெளியே போனால் சோப்பு, பவுடர், குழந்தைக்கு டயபர் கொடுப்பாள், சீட்டைத் தொடமாட்டாள். "அவுக வரட்டும்" என்பாள். இந்த ஒரு கட்டுப்பாட்டுக்காக எங்கள் வீடு கொடுத்த விலை கொஞ்சமில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒன்று அவள் போவாள், இல்லை நான் போய், தாலி கட்டி முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். ஆடித்தபசு அன்று கோமதி அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில் ஊரே ரத வீதியில் நிற்கும். நான் கூட்டத்தில் மயங்கினவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துக்கொண்டிருப்பேன். என் மகன், உன் அண்ணன், பார்மசி பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தட்டில் சோற்றை அப்படியே போட்டுவிட்டு அப்பன் எழுந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நீ கடைதான் வைக்க வேண்டும் என்றில்லை. வைக்க ஆசை இருந்தால், டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களும் நடத்துகிற மாதிரி அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மானியமும் உண்டு. புதிதாக விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று உன் அப்பாவைக் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்.

உன்னைத் தேடி வந்தவரிடம் முறைத்துப் பேச வேண்டாம். "சர்டிபிகேட் தனியா வராது, நானும் சேர்ந்துதான் வருவேன். வேலை நேரமும் சம்பளமும் பேசலாம்" என்று சொல்லிப் பார். பெரும்பாலும் மறுபடி வரமாட்டார். வந்தால், அந்தக் கடையில் தைரியமாகச் சேரலாம்.

எதற்கும் இந்த ஆடித்தபசுக்குக் கிளம்பி வா. திருவிழா முடியும்வரை கடையில் நில். கவரில் எழுதுகிற வேலை உன்னுடையது. உன் எழுத்து டாக்டர் எழுத்தையும் தோற்கடிக்கும் என்கிறான் உன் அப்பா. வருவதற்குள் அதைக் கொஞ்சம் சரி பண்ணிக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா