நர்ஸிங் சேர நீட் வேண்டுமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவு. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கும் நீட் எழுத வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். கோச்சிங்கில் சேர்க்க வேண்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தமிழக அரசு நர்ஸிங் கல்லூரிகளுக்கு நீட் தேவையில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பிளஸ் டூவில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை, பிறகு கலந்தாய்வு. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் கல்லூரி கைநழுவிவிடும். அதனால் நீட் கோச்சிங்குக்குக் கடன் வாங்காதீர்கள்; பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவனம் வையுங்கள். பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். வேதியியலில்தான் பல பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள், அதற்குத் தினமும் நேரம் ஒதுக்கட்டும்.

ஆனால் புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்ஸிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண் கேட்கின்றன. எய்ம்ஸ் தனித் தேர்வு நடத்துகிறது. அதில் பொது அறிவுக் கேள்விகளும் உண்டு. இந்தக் கல்லூரிகளில் சேரும் ஆசை அவளுக்கு இருந்தால் மட்டும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

அரசு இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், அதற்குத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.