வானொலியும் சாஸ்திரிய இசையும்

அறிமுகம்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் உள்ளது ஹுன்னஸ்கிரிய. அதன் மலைப்பகுதியில் வானொலி அலைபரப்புக் கோபுரங்கள் அமைந்துள்ளன. சங்கீத சபாவோ கச்சேரி நடைபெறும் பெரிய கோயிலோ அருகில் இல்லாத மலையக மாணவர் ஒருவருக்கு இசையரங்கைக் கொண்டுவந்து சேர்த்த முதற் சாதனம் வானொலியே. அது எவ்வாறு வளர்ந்தது, ஒரு நாளின் இசை நிகழ்ச்சிகளை எவ்வாறு அறிந்து கேட்பது என்பவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. இலங்கையில் வானொலி

இலங்கையில் ஒலிபரப்பின் முன்னோடி தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் ஆவார். 1925 டிசம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு அருகே பேராதனைக்கு இடம்மாறியது. அப்படையினருக்காகக் கொழும்பிலிருந்து இயங்கிய 'றேடியோ சியாக்' நிலையம் போரின் பின் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு, 1949 இல் 'றேடியோ சிலோன்' ஆனது. இது 1967 இல் கூட்டுத்தாபனமாகி, 1972 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது.

2. கோபுரம் மலையில் அமைவது ஏன்?

எவ்.எம். எனப்படும் பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்லும். இடையில் மலை இருந்தால் மறைக்கப்படும். எனவே அலைபரப்பி உயரமான இடத்தில் வைக்கப்படுகிறது. சிற்றலையோ வளிமண்டலத்தின் மேலுள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் கடல் கடந்தும் கேட்கும்.

மத்திய அலையில் பொதுவாக 5,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியே தெளிவாகக் கிடைக்கும். பண்பலையில் 15,000 ஹேர்ட்ஸ் வரை கிடைக்கும். தம்புராவின் நாதம், மிருதங்கத்தின் வலந்தலை ஒலி ஆகியவை பண்பலையில் தெளிவாக இருப்பது இதனாலேயே.

3. ஒரு நாளும் அதன் இராகங்களும்

தமிழகத்தில் சென்னை நிலையம் 1938 இலும் திருச்சி நிலையம் 1939 இலும் தொடங்கின. அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவர் வோல்டர் கவுஃப்மன். அது சிவரஞ்சனி இராகத்தின் அடிப்படையிலானது. அதன்பின் மங்கள இசையாக நாதஸ்வரம் ஒலிப்பது வழக்கம். மார்கழி விடியலில் திருப்பாவை, தை மாதமளவில் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் என ஆண்டின் பருவங்களையும் வானொலி இசையால் அறிவித்தது.

இராகங்களுக்கு உரிய வேளைகளை மரபு வகுத்துள்ளது. அவற்றுட் சில வருமாறு:

விடியல் – பூபாளம் (8 ஆவது மேளமான ஹனுமதோடியின் ஜன்னியம்)
காலை – பிலஹரி (29 ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஜன்னியம்)
நண்பகல் – மத்தியமாவதி (22 ஆவது மேளமான கரகரப்பிரியாவின் ஜன்னியம்)
மாலை – கல்யாணி (65 ஆவது மேளம்)
இரவு – நீலாம்பரி (29 ஆவது மேளத்தின் ஜன்னியம்)

குறிப்பு: கர்நாடக இசையில் இவ்வேளை விதி கண்டிப்பானதன்று. நண்பகலுக்குரிய மத்தியமாவதி கச்சேரியின் நிறைவில் மங்களகரமாகப் பாடப்படுவதை உதாரணமாகக் காட்டலாம்.

4. கடிகாரத்துக்குள் கச்சேரி

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமளவே ஒலித்தது. வானொலி அரை மணி, ஒரு மணி நேரம் அளித்ததால் ஆலாபனைக்கும் கற்பனாஸ்வரத்துக்கும் இடங்கிடைத்தது. எனினும், அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நெறிப்படுத்திய மேடைக் கச்சேரி மூன்று மணி நேரமளவு விரிவது. அதனை வானொலிக் கலைஞர் சுருக்க வேண்டியிருந்தது. கேட்போரின் முகமும் கைதட்டலும் இல்லாத கலையகத்தில் பாடுவதற்குத் தனிப் பயிற்சியும் தேவைப்பட்டது. மேலும், குரற்றேர்வு நடத்திக் கலைஞரைத் தரம் பிரிக்கும் முறையும் வந்தது. றேடியோ சிலோனில் இத்தேர்வை 1952 இல் இலக்னோ இசைக் கல்லூரியைச் சேர்ந்த எஸ்.என். ரதஞ்சங்கர் நடத்தினார்.

5. கலை நிகழ்ச்சிகள்

இலங்கையின் தமிழ் வானொலி நாடகத்தை வளர்த்தவர்களுள் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் குறிப்பிடத்தக்கவர். 'லண்டன் கந்தையா' இவரது புகழ்பெற்ற நாடகமாகும். சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதினார். பி.பி.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவரும் இவரே.

6. சிந்திக்க ஒரு செய்தி

1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை வளர்க்க விரும்பினார். அவ்வாண்டு தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. இது நற்பயன் தந்தது. ஆனால் திரைப்பாடல்களும் அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கப்பட்டன. விளைவு என்ன? இந்திய நேயர்கள் பலர் றேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். பின்னர் 1957 இல் இந்தியா 'விவித பாரதி' சேவையை ஆரம்பித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வேறொன்றைத் தடுப்பதால் நல்லிசைக்கு நேயர் கிடைப்பதில்லை. கேட்கத் தெரிந்த செவியை உருவாக்கும்போதே கிடைக்கின்றனர். இன்று கைத்தொலைபேசியில் எந்தக் கச்சேரியையும் எந்நேரமும் கேட்கலாம். அதனால் இடையில் நிறுத்திவிட்டுச் செல்வதும் எளிதாகிவிட்டது. குறித்த நேரத்தில் அமர்ந்து முழுமையாகக் கேட்கும் பழக்கத்தை வானொலி தந்தது. அப்பழக்கத்தை மாணவர் கைவிடலாகாது.

மாதிரி வினாவும் விடையும்

வினா: 30 நிமிட வானொலி இசையரங்கு ஒன்றுக்கு நிகழ்ச்சித் திட்டம் தயாரிக்குக.

விடை:
அறிவிப்பு – 1 நிமிடம்
வர்ணம் – 4 நிமிடம்
சிறிய கீர்த்தனை – 6 நிமிடம்
ஆலாபனை, கற்பனாஸ்வரம், சுருக்கமான தனியாவர்த்தனத்துடன் பிரதான கீர்த்தனை – 15 நிமிடம்
திருப்புகழ் அல்லது தேவாரம் – 4 நிமிடம்

விடை எழுதும்போது கவனிக்க: உருப்படியுடன் இராகம், தாளம், இயற்றியவர் பெயர்களையும் குறிப்பிடுக. மொத்த நேரம் சரியாக 30 நிமிடம் வருகிறதா எனக் கூட்டிப் பார்க்க.

பயிற்சி

1. பண்பலை அலைபரப்பிகள் மலைகளில் நிறுவப்படுவதற்கான காரணத்தைத் தருக.
2. மேடைக் கச்சேரிக்கும் வானொலிக் கச்சேரிக்கும் இடையிலான மூன்று வேறுபாடுகளை எழுதுக.
3. வானொலியில் ஒரு கீர்த்தனையை அறிவிப்புக்கு முன் கேட்டு, அதன் இராகத்தையும் தாளத்தையும் ஊகித்து எழுதுக. பின் அறிவிப்பாளர் கூறுவதுடன் ஒப்பிடுக. இதனை வாரத்துக்கு ஒரு முறையாவது செய்துவருக.