ஈரல் புழுவுக்குப் பல் உண்டா?

வைகைப் பாசனத்தை நம்பியிருக்கும் மதுரைச் சமவெளியில், கண்மாய் ஓரத்து ஈரப்புல்லை மேய்ந்த ஆடுகள் மெலிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால், புழு பல்லால் ஈரலைக் குடைந்து தின்கிறது என்று விளக்கம் சொல்லப்படுவதுண்டு. இந்த நம்பிக்கையில் புல்லைப் பற்றிய பாதி சரியானது. இந்தியச் சமவெளிகளில் கால்நடைகளைப் பெரிதும் பீடிக்கும் ஃபாசியோலா ஜைஜான்டிகா எனும் தட்டைப்புழுவின் முட்டை நீரில் பொரிந்து, அதன் இளவுயிரி லிம்னேயா வகை நத்தைக்குள் புகுந்து பெருகி, பின்னர் வெளியேறி நீரோரப் புல்லில் கூடு கட்டிக் காத்திருக்கிறது.

பல் மட்டும் கற்பனை. இரண்டு ஒட்டுறிஞ்சிகளும் தோலின் நுண்முட்களும் ஈரல் திசுவைச் சிதைக்க உதவினாலும், அதற்கு முன் குடற்சுவரைக் கடக்க வழி செய்வன நொதிகள், அதாவது உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். இதில் பெரும்பகுதி ஆய்வு குளிர்நாடுகளின் உறவினமான ஃபாசியோலா ஹெபாடிகாவில் நடந்தது. விழுங்கப்பட்ட கூட்டிலிருந்து சிறுகுடலில் வெளிவரும் அதன் இளம்புழு, கத்தெப்சின் பி, கத்தெப்சின் எல்-3 என்பவற்றைச் சுரக்கிறது. இவற்றுள் எல்-3, திசுக்களைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் இழைகளை வெட்ட வல்லது. இளம்புழுக்களில் இந்த நொதிகளின் உற்பத்தியை மரபணு வழியில் அடக்கியபோது எலிக்குடலைத் துளைத்துச் செல்லும் திறன் குறைந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

நொதி என்றால் செரிமானத்துக்கு மட்டுமே என்னும் எண்ணமும் இங்கே பொருந்தாது. பித்தநாளத்தில் குடியேறிய முதிர்ந்த புழு, இரத்தத்தின் ஹீமோகுளோபினைச் செரிக்கும் எல்-1 போன்ற நொதிகளுக்கு மாறிவிடுகிறது; அதன் குடலுக்கு ஆசனவாய் இல்லாததால் மிச்சத்தை வாய்வழியே உமிழும்போது நொதியும் வெளியே கொட்டி, புழுவைத் தாக்க வரும் எதிர்ப்பொருள்களையே வெட்டிவிடுகிறது. கழிவை உமிழும் குறைபாடு தற்காப்பாகவும் அமைந்தது வியப்புக்குரியது.

சாணத்தில் முட்டை இல்லாவிட்டால் நோயில்லை என்பதுதான் இத்தகைய தவறான நம்பிக்கைகளுள் மிகுந்த இழப்பைத் தருவது. இளம்புழு ஈரலுக்குள் அலையும் மாதங்களில் முட்டை இடுவதில்லை. ஆனால் அது சுரக்கும் கத்தெப்சினுக்கு எதிராக விலங்கின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றைக் கொண்டு நோயை முன்கூட்டியே அறியும் சோதனைகளை இஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எருமைகளில் ஆராய்ந்துள்ளது. ஒருமுறை மருந்து கொடுத்தால் போதும் என்பதும் இதே காரணத்தால் தவறு. ஆக்சிகுளோசனைடு முதிர்ந்த புழுக்களைக் கொல்லுமே தவிர இளம்புழுக்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், டிரைகிளாபெண்டசோல் இரண்டையும் தாக்கும்.

ஈரல் வறுவலால் இந்நோய் மனிதருக்குத் தொற்றும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை, ஏனெனில் தொற்றுவது நீர்த்தாவரங்களில் ஒட்டிய கூடுதான். நோயுற்ற விலங்கின் ஈரலைத் தின்றவரின் மலத்தில் புழுவின் முட்டைகள் தென்படலாம், ஆயினும் அவை செரிக்காமல் கடந்து செல்பவையே; சில நாள் ஈரலைத் தவிர்த்துவிட்டு மறுபடி சோதித்தால் அவை மறைந்திருக்கும்.