வால்வைக் கழற்றும் முன்

தரங்கம்பாடி, பொறையாறு, காரைக்கால் பக்கத்துப் பழைய வீடுகளில் வால்வு செட்டுகள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. இலங்கை வானொலி கேட்ட ரேடியோ ஒரு வீட்டில், திருவிழாவுக்கு மைக்செட் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வீட்டில். பேரப்பிள்ளைகள் இப்போது ஆசையாக இறக்கித் தூசி தட்டுகிறார்கள். சத்தம் வரவில்லை என்றதும் புது வால்வு தேடி அலைகிறார்கள். வால்வு வாங்குவது கடைசி வேலை. செட்டுக்குள் 250 முதல் 450 வோல்ட் வரை டி.சி. ஓடுகிறது என்பதை மறக்காமல் மேலே படியுங்கள்.

செய்ய வேண்டியவை

• பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வால்வு ஆறும்வரை பொறுங்கள். அடிப்பக்கத்தைத் திறப்பதானால் ஃபில்டர் கண்டன்சரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்யும் வழக்கம் கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

• சாக்கெட்டைப் பாருங்கள். நம் கரையோரத்தில் இதுதான் முதல் சந்தேகம். உப்புக் காற்று வால்வின் ஊசிகளிலும் சாக்கெட்டின் தகடுகளிலும் பச்சையாகப் பூத்துவிடும். கரகரப்பு, விட்டுவிட்டு வரும் சத்தம், பெட்டியைத் தட்டினால் பாடுவது எல்லாம் பல நேரம் இதனால் வருபவை. சின்ன பிரஷ்ஷில் கான்டாக்ட் கிளீனர் தொட்டு ஊசிகளைத் துடைத்து, வால்வை இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கண்ணாடியில் அந்தத் திரவம் படக்கூடாது. எண் அழிந்துவிட்டால் அது என்ன வால்வு என்று பிறகு யாருக்கும் தெரியாது.

• எண்ணை எழுத்து விடாமல் படியுங்கள். இஎல்84-க்கும் பிஎல்84-க்கும் முதல் எழுத்துதான் வேறு. ஆனால் முன்னதின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பின்னதற்கு 15 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றது சரியாகச் சூடேறாது.

• வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி பூசியது போன்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வேண்டாம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகள் செய்தது. அந்த பெல் வால்வு நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர் என்றால் பவர் வால்வுகளைப் பொருத்தம் பார்த்த ஜோடியாகவே வாங்குங்கள்.

• புது வால்வு போடும் முன் கப்ளிங் கண்டன்சரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்தால் பவர் வால்வின் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய்ச்சேரும். பிளேட் சிவந்து, போட்ட வால்வு அன்றைக்கே வீணாகிவிடும். வால்வு மேல் பழி போட்டு அடுத்ததை வாங்குவார்கள், அதுவும் போகும். இஎல்84-ஐக் கழற்றிவிட்டு, செட் ஓடும்போது சாக்கெட்டின் இரண்டாவது ஊசித் துளையில் அளந்தால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது செய்யும் வேலை இது. பழகிய மெக்கானிக்கே செய்யட்டும்.

• பல வருடம் தூங்கிய செட்டை முதல்முறை போடும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் இணையுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

செய்யக்கூடாதவை

• ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டவே கூடாது. சிக்னல் வந்ததும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சுருளின் இன்சுலேஷன் பொத்துப்போகும். டிரான்சிஸ்டர் செட் பழக்கத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள்.

• வால்வு எண்கள் யூ என்று தொடங்கும் ரேடியோவை (யூசிஎல்82, யூபிஎஃப்89) நீங்களே திறக்காதீர்கள். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த செட் அது. அதில் டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு இல்லாமல் சேஸிஸிலேயே நேரடி மின்சாரம் இருக்கலாம். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். ஹீட்டர்கள் எல்லாம் சீரிஸ் என்பதால் ஒரு வால்வு போனாலும் எல்லாம் அணையும். அதைப் பார்த்து எல்லா வால்வையும் மாற்றிவிடாதீர்கள்.

• “உட்காருகிறது, அதனால் போடலாம்” என்று நினைக்காதீர்கள். 6எல்6 இடத்தில் இஎல்34 உட்காரும். ஆனால் அதன் ஹீட்டர் 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் இழுக்கும். முதல் ஊசியின் இணைப்பும் பயாஸும் வேறு. பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் சூடாகும். இசிசி83-க்குப் பதில் இசிசி82 போட்டால் பெரிய ஆபத்தில்லை, சத்தம்தான் வெகுவாகக் குறையும்.

• எட்டு ஊசி வால்வின் நடுவிலுள்ள குமிழ் உடைந்திருந்தால் குத்துமதிப்பாகச் செருகாதீர்கள். திசை மாறினால் ஹீட்டருக்குப் போக வேண்டிய இடத்தில் உயர் வோல்டேஜ் ஏறும்.

• பிளேட் சிவந்து தெரிந்தால் “பாடி முடியட்டும்” என்று காத்திருக்காதீர்கள்.

வால்வு இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் தயாராகிறது. பணம் கொடுத்தால் கிடைக்கும். எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித்தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஊசி துடைப்பதை நீங்கள் செய்யுங்கள். மீட்டர் பிடிக்கும் வேலைக்கு, வால்வு செட் பார்த்த கை உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்; அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.