அரிய மரபு நோயும் குழந்தை வளர்ப்பும்

காய்ச்சல் வந்தால் கஷாயம், எலும்பு முறிந்தால் கட்டு என்று எந்த நோய்க்கும் ஒரு முடிவு உண்டென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் பிறக்கும்போதே உடன் பிறந்து, வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் நோய்களும் உள. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு தோன்றுகிறது, அந்நோயுற்ற குழந்தையை வளர்ப்பது எப்படி, அதில் நமக்குரிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஐதராபாத்தில் பயிலும் நமக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. மரபியல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் இதுவும் ஒன்று. உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும், டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறி மையமும், நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இங்கேதான் உள்ளன.

நோயின் இயல்பு

நாம் எடுத்துக்கொண்ட நோய் தண்டுவடத் தசைச் சிதைவு. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பர். ஆஸ்திரிய மருத்துவர் வெர்ட்னிக் 1891-ல் இதனை விவரித்தார். அவரையடுத்து ஜெர்மானியராகிய ஹாஃப்மன் விவரித்தார். ஆயினும் காரணம் தெரிய நூறாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1995-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜூடித் மெல்கியின் குழுவினர் ஐந்தாம் குரோமோசோமில் உள்ள எஸ்.எம்.என்.1 என்னும் மரபணுவே இதற்கு மூலம் என்று கண்டனர்.

தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் பிழைத்திருக்க ஒரு புரதம் வேண்டும். அதனை ஆக்கித் தருவது இம்மரபணு. இது பழுதானால் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை பெறாத தசை மெலிகிறது. இதே மரபணுவுக்கு எஸ்.எம்.என்.2 என்னும் இரட்டை ஒன்றும் நம் உடலில் உண்டு. அது பெரும்பாலும் குறைப் புரதத்தையே ஆக்குகிறது; நிறைவான புரதம் பத்தில் ஒரு பங்கு அளவே கிடைக்கும். அந்த இரட்டை எத்தனை படிகள் ஒரு குழந்தைக்கு உள்ளனவோ அதைப் பொறுத்தே நோயின் கடுமை பெரும்பாலும் அமைகிறது. கடுமையான முதல் வகையில் ஆறு மாதத்திற்குள் நோய் தோன்றும்; மருந்தின்றி விட்டால் குழந்தை தானே உட்காராது. இரண்டாம் வகையில் உட்காரும், நடக்காது. மூன்றாம் வகையில் நடக்கும். பின்னர் நடை தளரலாம்.

இங்கு ஒன்றை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். இந்நோய் தாக்குவது தசையையே, அறிவையன்று. இக்குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே கற்பர், பேசுவர், வாதாடுவர், குறும்பும் செய்வர்.

யார் குற்றம்?

குழந்தைக்கு இந்நோய் என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் எழும் முதற்கேள்வி, “உன் பக்கத்திலிருந்து வந்ததா, எங்கள் பக்கத்திலிருந்து வந்ததா?” என்பது. விடையை எதிர்பாராமலே பழி தாயின் தலையில் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள் என்றெல்லாம் கூறுவர். விஞ்ஞானம் கூறுவதோ வேறு. எஸ்.எம்.என்.1 நம் ஒவ்வொருவரிடமும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காத்துவிடும். அவர் நோயாளி ஆகார், பழுதைத் தாங்கிச் செல்பவர் மட்டுமே. இரண்டும் பழுதான குழந்தைக்கே நோய் வரும். ஆகவே தாயும் தந்தையும் சமமாகப் பங்களித்தாலன்றி இந்நோய் பெரும்பாலும் வருவதில்லை. பழி கூறுதல் அறத்துக்கு மட்டுமன்று, கணக்குக்கும் பொருந்தாது.

அக்கணக்கையும் பார்ப்போம். ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர் இப்பழுதைத் தாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால், இருவரும் தாங்குவோராக இருக்கும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெருக்கினால் 10,000-ல் ஒன்று.

இனி, தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவான ஒரு வழக்கத்தை எண்ணுவோம். ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கிறார். அவர் தாங்குபவரானால், அப்பெண்ணும் தாங்குபவளாக இருக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்றன்று; நான்கில் ஒன்று. அப்போது விடை 800-ல் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் 1,600-ல் ஒன்று. “எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொந்தத்தில்தான் கொடுத்து வாங்குகிறோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று பெரியவர்கள் கூறுவது பொய்யன்று; 800 குழந்தைகளில் 799 பேர் இந்நோயிலிருந்து தப்பிவிடுகின்றனர் அல்லவா? ஆனால் இத்தகைய ஒடுங்கு மரபு நோய்கள் எத்தனையோ உள. அவை ஒவ்வொன்றிலும் இந்த வாய்ப்பு உயரும் என்பதை மறக்கலாகாது.

சொந்தத்தில் மணவாதவரும் முற்றிலும் அச்சமற்றவர் அல்லர். ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகி, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துவரும் சாதிகளில் சில பழுதுகள் மிகுந்து காணப்படும். இந்நகரத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 81-ல் இவ்விளைவு பின்லாந்து மக்களிடம் காண்பதைவிட வலுவாக இருப்பதை எடுத்துக்காட்டினர்.

வளர்க்கும் முறை

நோயுற்ற குழந்தையை வளர்ப்பதில் முதல் கவனம் மூச்சின்மேல் இருத்தல் வேண்டும். மார்புத் தசை தளர்ந்த குழந்தையால் வலுவாக இரும இயலாது. ஆகவே நமக்குச் சாதாரணச் சளி, அதற்கு நிமோனியாவாக மாறக்கூடும். இருமலுக்குத் துணைசெய்யும் கருவியைக் கையாளவும், சளியை அகற்றவும் பெற்றோர் மருத்துவமனையிலேயே பயிற்சி பெறுகின்றனர். தடுப்பூசிகளைக் காலந்தவறாது போடுதல் வேண்டும். சளி பிடித்தவர் குழந்தையைக் கொஞ்சாதிருப்பதே அதற்குச் செய்யும் அன்பு.

இரண்டாவது உணவு. விழுங்குதல் கடினமானால் உணவின் பதத்தை மாற்ற வேண்டும். சிலருக்குக் குழாய் வழி ஊட்ட நேரும். நெடுநேரம் பட்டினி கிடத்தல் இக்குழந்தைகளுக்குத் தீங்கு. மூன்றாவது, உடற்பயிற்சி. மூட்டுகள் இறுகாமலும் முதுகு வளையாமலும் இருக்க, நாள்தோறும் கைகால்களை நீட்டி மடக்குதலும், சரியான இருக்கையும் தேவை. இரவில் தானே புரண்டு படுக்க இயலாத குழந்தையைப் புரட்டிவிடத் தாய் பலமுறை எழுகிறாள். அந்தத் தாய்க்கு ஓர் இரவேனும் முழு உறக்கம் கிடைக்கச் செய்பவரே உண்மையான உறவினர்.

நான்காவது கல்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பள்ளி மறுத்தால் கெஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். கடைசியாக, உடன்பிறந்த குழந்தை ஒன்று இருப்பின் அதையும் மறக்கலாகாது. வீட்டின் கவலை முழுதும் ஒரு கட்டிலைச் சுற்றியே இருக்கையில், நலமான குழந்தை தன் தேவையைச் சொல்லாமலே வளர்ந்துவிடும்.

மருந்தும் விலையும்

2016 டிசம்பரில்தான் இந்நோய்க்கு முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019-ல் பழுதற்ற மரபணுவையே ஒரே ஊசியில் செலுத்தும் சிகிச்சை வந்தது. இந்தியக் கணக்கில் அதன் விலை 16 கோடி ரூபாய் அளவு! 2021-ல் இதே நகரத்தில் ஒரு சிறு குழந்தைக்காகப் பல்லாயிரம் பேர் அளித்த நன்கொடையால் அவ்வூசி போடப்பட்டது. அச்செய்தி நம் மக்களின் ஈரத்துக்குச் சான்று. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் 16 கோடி திரளாது என்பதும் உண்மையே.

2020-ல் வந்த ரிஸ்டிப்லாம் என்னும் மருந்தை வாய்வழியே நாள்தோறும் கொடுக்கலாம். ஒரு புட்டியில் 60 மில்லிகிராம். இருபது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். ஆண்டுக்கு 30 புட்டிக்கு மேல் வேண்டும். புட்டி 6 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றபோது ஆண்டுச் செலவு 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நாட்கோ நிறுவனம் இதனை உற்பத்தி செய்ய முன்வந்தது. காப்புரிமை வைத்திருந்த ரோஷ் நிறுவனம் வழக்குத் தொடுத்துத் தடை கேட்டது. டில்லி உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ புட்டியின் விலையை 15,900 ரூபாயாக அறிவித்தது. இப்போது அதே சிறுவனுக்கு ஆண்டுச் செலவு 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. 2022-ல் உதவி வரம்பு 50 லட்சமாக உயர்ந்தது. பழைய விலையில் அத்தொகை நான்கு மாதத்துக்கும் போதாது. புதிய விலையில் பத்தாண்டு வரும். ஒரு சட்டப் போராட்டத்தின் பயன் இதுதான். ஆயினும் கூலி வேலை செய்யும் ஒரு தந்தைக்கு 5 லட்சமும் எட்டாக் கனியே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எந்த மருந்தும் மடிந்த நரம்பணுவை மீட்டுத் தருவதில்லை; எஞ்சியதையே காக்கும். ஆகவே காலம் பொன்னினும் அரிது. தலை நிற்காத, கால்களை உதைக்காத, துவண்டு கிடக்கும் குழந்தையைக் கண்டால் “சில பிள்ளைகள் தாமதமாகத்தான் வளரும்” என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஓர் இரத்தச் சோதனை உண்மையைக் காட்டிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

மாணவ நண்பர்களே! நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது: தேசியக் கொள்கையின்கீழ் நிஜாம் மருத்துவக் கழகமும் டி.என்.ஏ. மையமும் சேர்ந்து ஒரு சிறப்பு மையமாக விளங்குகின்றன. அங்கு வரும் தமிழ்ப் பெற்றோர்க்குத் தெலுங்கும் இந்தியும் தெரியாதிருக்கலாம். தெலுங்கு கற்றுக்கொண்ட நம் மாணவர் அவர்களுடன் ஒரு முற்பகல் நின்று, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைத்தால் அது பெரிய உதவியாகும். இரண்டாவது: நம் வகுப்பறைகளுக்கும் நூலகத்துக்கும் சக்கர நாற்காலி செல்லுமா என்று நடந்து பார்த்து, செல்லாத இடங்களைப் பட்டியலிட்டுப் பல்கலைக்கழகத்தாரிடம் அளிப்போம். இன்று மருந்துண்ணும் குழந்தைகள் நாளை கல்லூரிக்கு வருவார்கள்; படிக்கட்டு அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது.

மூன்றாவது நம் சொந்த வாழ்வைப் பற்றியது. நம்முள் பலருக்குச் சில ஆண்டுகளில் மணப்பேச்சு நடக்கும். ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு நாள் ஒதுக்கும் பெரியவர்களிடம், உறவில் மணமானாலும் அயலில் மணமானாலும் மரபியல் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்போம் என்று பணிவாகச் சொல்வோம். சோதனையின் முடிவு எதுவாயினும், ஒரு பெண்ணைப் பழிக்கவோ ஒரு குழந்தையை ஒதுக்கவோ அதனைக் கருவியாக்காதிருப்போம். கற்றவர் என்று நம்மை ஊரார் அழைப்பதற்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவே.