ஒரு வண்டிக்கு ஒரே ஏடு

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் தொழில் தானே சீராகிவிடும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். இயந்திரம் வாங்குவது வேறு, தகவலை நிர்வகிப்பது வேறு. நாம் எல்லோரும் அறிந்த ரயில் முன்பதிவையே இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-இல் சோதனை முறையில் தொடங்கியது. அதற்கு முன் வண்டிக்கு வண்டி தனிப் பதிவேடு, தனி வரிசை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குப் பதில் ஜி.டி. வரிசையில் நின்றுவிட்டால் அரை நாள் போச்சு! கம்ப்யூட்டர் வந்தபின் எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் கிடைத்தது. ஆனால் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ், செகந்திராபாத் மையங்கள் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. ஊருக்குப் போக இங்கே வாங்கலாம், திரும்பி வர? தந்தி, அல்லது ஊரிலுள்ள மைத்துனர்.

ரயில்வேயின் ‘கிரிஸ்’ அமைப்பு உருவாக்கிய ‘கன்சர்ட்’ மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999-இல் ஐந்து மையங்களும் இணைந்தன. இதில் நான் மிகவும் ரசிப்பது ஒன்று உண்டு. எல்லாக் கணக்கையும் ஐந்து இடத்திலும் நகலெடுத்து வைக்கவில்லை. ஒரு வண்டியின் பெர்த் கணக்கு ஒரே மையத்தில்தான். வேறு ஊரில் கேட்டால் கேள்வி அங்கே போய்ப் பதிலோடு திரும்பும். இருவர் ஒரே நொடியில் கேட்டாலும் ஒரு பெர்த் ஒருவருக்கே.

குறியீட்டையும் கவனியுங்கள். மதராஸ் 1996-இல் சென்னையானது. 2019-இல் சென்ட்ரல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ‘எம்.ஏ.எஸ்.’ என்ற குறியீடு மட்டும் மாறவில்லை. பெயர் மக்களுக்கு, குறியீடு கணக்குக்கு.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு, கிடங்கு, கணக்குப் பிரிவு மூன்றிலும் கம்ப்யூட்டர் இருந்தது; மூன்றிலும் மூன்று சரக்குப் பட்டியல். ஒரே சாமானுக்கு மூன்று பெயர். விற்பனைக்காரர் ‘இருக்கிறது’ என்று வாக்குக் கொடுப்பார், கிடங்கில் இராது. புது இயந்திரம் எதுவும் வாங்காமலே இதைச் சரிசெய்தோம்: சரக்குக்கு ஒரே எண், இருப்பை மாற்றி எழுதும் உரிமை கிடங்குக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். ஒப்புக்கொள்ள வைக்கத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று. தன் பட்டியலை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

உங்கள் கடையிலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் யாராவது தனி நோட்டு வைத்திருக்கிறார்களா, பாருங்கள். இருந்தால் கோபிக்க வேண்டாம். அதில் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். எங்கள் கிடங்குக்காரரின் நோட்டில் இருந்தது, உடைந்து திரும்பி வந்த சரக்கின் கணக்கு. அதை எழுத மென்பொருளில் இடமே வைக்கப்படவில்லை.